வார்னிஷ் வெள்ளை பூத்த படகுகளைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ தாமே மரப்படகு கட்டும் நண்பர்கள், ஐப்பசி மழை தொடங்கியதும் புதுச்சேரியிலுள்ள எங்கள் கடைக்கு ஒரே குறையோடு வருகிறார்கள். கண்ணாடி போல மின்ன வேண்டிய வார்னிஷ், பாலில் துணியை நனைத்துத் துடைத்தது போல மங்கிக் கிடக்கிறது என்பதே அது. டின்னில்தான் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். சிலர் மனம் நொந்து மொத்தப் பூச்சையும் சுரண்டியெடுத்த பிறகே எங்களிடம் வருகிறார்கள். சுரண்டுவதற்கு முன், அந்த வெண்மை எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

நன்றாகக் காய்ந்த பூச்சின் மேல் பனியன் துணியில் சிறிது டர்பன்டைன் தொட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை வெண்மை மறைந்து, உலர்ந்ததும் திரும்பினால், குறை மேற்பரப்பில் மட்டுமே உள்ளது. ஈரத்திலும் மறையாவிட்டால், கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடத்தில் 320 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, அவ்வப்போது டர்பன்டைனால் துடைத்துப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் தேய்த்த இடமே வெளுப்பாகத்தான் தெரியும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம். கடைசிப் பூச்சோடு வெண்மை போய்விட்டால், அந்தப் பூச்சு காயும்போது ஈரம் பட்டிருக்கிறது. வார்னிஷுக்கு அடியில் மரத்தின் மேல் பூசியிருக்கும் எபாக்ஸி பிசின் வரை தொடர்ந்தால் கோளாறு அடியில்.

பெரும்பாலானவை ஈரம் பட்டு மேற்பூச்சில் வருபவையே. வெப்பம் 30 டிகிரியும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமும் உள்ள ஒரு நாளில், ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். பூசும் பரப்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த மரத்தின் மேல் விடியற்காலையில் பூசுவதும், மாலையில் பூசிவிட்டுப் பனிக்கு விட்டுவிடுவதும் வெண்மையை வரவழைப்பவை. சென்ற ஆண்டு ஒரு நண்பர் கொண்டுவந்த பதினான்கு அடிப் படகில், சுவரோரம் இருந்த பக்கம் தேன் நிறத்தில் தெளிவாகவும், வானம் பார்த்திருந்த பக்கம் அணியம் (முன்முனை) முதல் பாதி நீளத்துக்குச் சாம்பல் பூத்தும் இருந்தன. இரண்டும் ஒரே டின், ஒரே பிரஷ், ஒரே மாலை. காற்றோட்டமான கொட்டகையில் ஒரு வாரம் வைத்திருந்ததில் பாதி வெண்மை தானாகவே மறைந்தது; மீதியை 320 தாளால் தேய்த்து ஒரு கோட் மட்டும் பூசினார்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டர்பன்டைன் தீர்ந்திருந்த ஒரு நாளில், எங்கள் கடைப் பையன் எண்ணெய் வார்னிஷுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்கான தின்னரை எடுத்துக் கொடுத்துவிட்டான். அது வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைப்பதால் காற்றின் ஈரம் அங்கேயே படிகிறது. வார்னிஷும் திரிந்து போகலாம். அப்படி வாங்கிச் சென்றவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டு டர்பன்டைன் பெற்றுக்கொள்ளுங்கள்.

எபாக்ஸியின் மேல் பூசுவோருக்கு வரும் சிக்கல் வேறு. ஈரக்காற்றில் இறுகும் எபாக்ஸியின் மேல், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரிலிருந்து மெழுகு போன்ற பிசுபிசுப்பு பூக்கும்; விரலால் தேய்த்தால் வழுக்கும். அதன் மேல் வார்னிஷ் போட்டால் மங்கும், சில சமயம் காயவே காயாது, பிறகு உரிந்தும் வரும். இந்தப் பிசுபிசுப்பு தண்ணீரில் கரையக்கூடியது என்பதால், முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்வதோடு, பிசுக்கும் பரவும். ஏற்கெனவே வார்னிஷ் போட்டுவிட்டவர்களுக்கு, அந்த இடத்தை மட்டும் எபாக்ஸி வரை எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஏராவும் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை) விளிம்புச் சட்டங்களும் கனமான கட்டைகள் என்பதால் உள்ளீரம் எளிதில் போகாது. ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால், பூச இன்னும் நாளாகவில்லை என்று கொள்ளுங்கள்.

மங்கல் பளபளப்பு விரும்பி மேட் வார்னிஷையே ஆறேழு கோட் பூசுவோரும் உண்டு. மினுக்கத்தைக் குறைக்க அதில் சேர்க்கும் நுண்தூள் அடுக்கடுக்காகச் சேர்ந்து மர ரேகையை மறைத்துவிடும். அடிக்கோட்டுகளுக்குப் பளபளப்பு வார்னிஷையும், கடைசிக் கோட்டுக்கு மட்டும் நன்றாகக் கலக்கிய மேட்டையும் பயன்படுத்துங்கள்.

பனி காய்ந்து மரம் வெதுவெதுப்பான பிறகு, காலை பத்து மணியளவில் தொடங்கி, ஒரு மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிடுங்கள். இரவில் தார்ப்பாயை நேரடியாகப் போர்த்தாமல், பக்கங்கள் திறந்த கூரையின் கீழ் வையுங்கள். கார்த்திகை மழையில் வார்னிஷ் கேட்டு வருவோரிடம், தை வரை பொறுக்க முடியுமா என்று நாங்கள் கேட்டால், விற்க மனமில்லை என்று எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்