பாதையில் இடம் இருந்தது

தம்பி,

போனில் கதைத்தால் டொச்சுக்கு, ஜெர்மன் மொழிக்கு மாறி என்னை வென்றுவிடுவாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது காணும், எழுத்துக் கூட்டி வாசி. நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தோடு ஹான் மூண்டனிலிருந்து ஹொக்ஸ்டர் வரை ஓடினேன். பதினொரு பேர், 70 கிலோமீற்றர் அளவு. 63 வயதில் அப்பா ஓடினார் என்று உன் கூட்டாளிமாருக்குச் சொல்லலாம். வெர்ரா ஆறும் ஃபுல்டா ஆறும் சேர்ந்து வேசர் ஆகிற இடத்தில் அந்த 1899ஆம் ஆண்டுக் கல்லடியில் படம் எடுத்தார்கள். நீ ஏறி நின்று, இறங்கமாட்டேன் என்ற அதே கல்.

பசிக்க முன்னம் சாப்பிட வேண்டுமாம். பசித்த பிறகு சாப்பிட்டால் கால் எழும்பாது. நீயும் காலையில் வெறும் கோப்பியோடு நிற்காதே. தங்கச்சி கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறாள், சரி, அதை விடு.

ஹேமெல்னில் பாதை எடுத்தோம், ஆறு கடக்கிற அந்த மிதவைப் படகு. உனக்கு நினைவிருக்கும். மோட்டர் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்தபடி சரிந்து நிற்கும், ஆறே தள்ளிக்கொண்டுபோய் வெக்கர்ஹாகனில் விடும். யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் பாதையின் இரைச்சல் இல்லை, அடியில் தண்ணீர் களக் களக் என்று அடிப்பது மட்டும் கேட்கும். துறைக்குக் கிட்ட வர எனக்குச் செயின் கழன்றுவிட்டது. எங்கள் கூட்டத்தில் கடைசியாய் வருகிறவர் எவரையும் முந்தக் கூடாது. அவர் தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மற்ற ஒன்பது பேரும் பாதையை வெறுமனே போகவிட்டுவிட்டுக் கரையில் நின்றார்கள். எனக்காக.

பாட் கார்ல்ஸ்ஹாஃபனில் கேக் சாப்பிட்டோம். 1699இல், பிரான்சிலிருந்து ஓடிவந்த சனத்துக்காகத் தொடங்கிய ஊராம், ஒரே ஒழுங்காய் வெள்ளை வீடுகள். எங்களுக்கு அகதிகளின் அசூல் முகாமில் ஆறு பேருக்கு ஓர் அறை. ஹொக்ஸ்டரில் எல்லோரும் கோர்வெய் மடம் பார்க்கப் போனார்கள். நான் ஸ்டேஷனில் இருந்தேன்.

சின்னனில் நீயும் இந்தப் பாதைக்கு வந்த அன்றைக்கு உனக்குச் செயின் கழன்றது, அதனால்தான் பிந்தினாய் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். செயின் கழலவில்லை, தம்பி. நீ றோட்டால் வருவதை நான் கண்டேன். பாதைக்காரர், பொடியன் உங்களுடையவனோ என்று கேட்டார். அடுத்ததில் வரட்டும், பழகட்டும் என்றேன். பாதையில் இடம் இருந்தது. நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தேன். நீ கூப்பிடவுமில்லை, கை காட்டவுமில்லை. இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றாய். உனக்குப் பதினொரு வயது.

மார்ச்சிலிருந்து ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவுமில்லை. மருத்துவக் காப்புறுதி இந்த மாதம் கட்டியாயிற்றா, அதை மட்டும் சொல். இல்லையென்றாலும் சொல்.

உன் சைக்கிள் வீட்டுக்குக் கீழே கெல்லரில் நிற்கிறது. பின்சில்லு மாற்றிவிட்டேன். சாப்பிடு.

அப்பா