அந்த லண்டன் மெயிலுக்குப் பதில் போடும் முன்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய மெயிலை இரண்டு தடவை படித்தேன். லண்டன் மொழிபெயர்ப்பு ஏஜென்சி ஒன்றின் பெயரில் வந்திருக்கிறது. 12,000 சொல், சொல்லுக்கு 6 சென்ட், பத்து நாள் அவகாசம். மொத்தம் 720 டாலர். உள்ளூர் ஏஜென்சிகள் ஒரு ரூபாய்க்கும் ஒன்றரை ரூபாய்க்கும் பேரம் பேசுகிற நேரத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய். இது நிஜ வேலையா, மோசடியா என்று கண்டுபிடிக்க, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்.

முதலில் வாசகத்தைப் பார். "ஆங்கிலத்திலிருந்து உங்கள் தாய்மொழிக்கு" என்று இருக்கிறது. தமிழ் என்ற சொல்லே மெயிலில் எங்கும் இல்லை. கையில் வேலை வைத்திருக்கிறவருக்கு அது எந்த மொழிக்குப் போகவேண்டும் என்று தெரியாதா? ஸ்வாஹிலிக்காரருக்கும் போலிஷ்காரருக்கும் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புவதற்காக எழுதிய வரி அது. யார் படிக்கப்போகிறார்கள், எந்த வடிவக் கோப்பு, ஏற்கெனவே சொற்பட்டியல் இருக்கிறதா, இந்தியத் தமிழா இலங்கைத் தமிழா என்று நிஜமான புராஜெக்ட் மேனேஜர் எழுதுகிற எதுவும் இல்லை. "எனக்குக் காது கேட்காது, மெயிலில் மட்டும் பேசுவோம்" என்ற வரியும் பழைய சரக்கு. காது கேளாத வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் ஒரு ஏஜென்சியில் போன் எடுக்க வேறொரு ஆள்கூடவா இல்லை?

மெயிலுக்குள்ளேயே மாதிரிக்கு ஒட்டியிருக்கும் பத்தியில் கொஞ்சம் நீளமான வாக்கியம் ஒன்றை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுளில் தேடு. பல வருடமாக இணையத்தில் கிடக்கும் கட்டுரை அப்படியே வந்து நின்றால் சந்தேகம் இன்னும் கூடும். அது மட்டுமே தீர்ப்பில்லை, இணையத்தில் இருப்பதையும் மொழிபெயர்க்கக் கொடுப்பார்கள்.

அடுத்தது முகவரி. இங்கேதான் நிதானம் வேண்டும். அனுப்பியவர் பெயர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். கணினியில் ஜிமெயிலைத் திற, மெயிலின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போ. 'ஃப்ரம்' வரியில் ஏஜென்சியின் டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி, இருக்கும்; 'ரிப்ளை-டு' வரியில் வேறொரு ஜிமெயில் முகவரி இருக்கலாம். அப்படி இருந்தால், நீ பதில் போட்டால் அது ஏஜென்சிக்குப் போகாது. மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவும் இருக்கும். அதில் 'ஃபெயில்' வந்தால் அங்கேயே நிறுத்திவிடு. 'பாஸ்' வந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை. மெயில் அந்த டொமைனிலிருந்து முறைப்படி வந்தது என்றுதான் அர்த்தம். அந்த டொமைனையே திருடன் வாங்கி வைத்திருந்தால் எல்லாம் பாஸ்தான் ஆகும்.

அதனால் டொமைனை எழுத்து எழுத்தாகப் படி. நடுவில் ஒரு கோடு கூடியிருக்கும், 'டாட் காம்' இருக்கவேண்டிய இடத்தில் 'டாட் கோ' இருக்கும், ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். சின்னத் திரையில் போனில் படிக்கிறபோது தெரியவே தெரியாது. பிறகு, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் அந்த டொமைனைப் போட்டுப் பதிவான தேதியைப் பார். இருபது வருடமாகத் தொழில் செய்கிறோம் என்கிற ஏஜென்சியின் டொமைன் போன மாதம் பதிவானது என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

நம் தொழிலில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஏஜென்சியின் பெயரை, மொழிபெயர்ப்பாளர்களுக்கான புரோஸ் தளத்தில் ஏஜென்சிகளுக்கு மதிப்பெண் போடும் புளூ போர்டில் தேடுவார்கள், ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் இருக்கும், நிம்மதியாக வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அந்த மதிப்பெண் நிஜ ஏஜென்சிக்குக் கிடைத்தது. உனக்கு எழுதியவர் அந்த ஏஜென்சிதானா என்பதுதான் கேள்வி. நல்ல பெயர் எடுத்த ஏஜென்சியாகப் பார்த்துத்தான் வேஷம் போடுவார்கள். ஆகவே, அவர்கள் கொடுத்த இணைப்பு, அவர்கள் கொடுத்த போன் நம்பர், மெயிலின் அடியில் உள்ள கையொப்பம் எதையும் வைத்து அவர்களைச் சரிபார்க்காதே. புளூ போர்டில் பதிவான இணையதள முகவரியை எடு, அதை நீயே தட்டச்சு செய்து திற, அங்கே உள்ள பொது முகவரிக்குப் புதிதாக ஒரு மெயில் போடு: "உங்கள் பெயரில் இந்த ஆள், இந்த முகவரியிலிருந்து எழுதியிருக்கிறார், உங்கள் ஊழியர்தானா?" நிஜ ஏஜென்சிகள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களுக்கும் இது தலைவலிதான்.

நிறுவனம் இருக்கிறதா என்று பார்ப்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் என்றால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எப்போது பதிவானது, இயங்குகிறதா கலைக்கப்பட்டதா, கணக்கு தாக்கல் பாக்கியா எல்லாம் இருக்கும். தொழில் வகை எண்ணையும் பார், மொழிபெயர்ப்புக்கு அங்கே 74300. ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனம் என்றால் அவர்களுடைய வாட் வரி எண்ணைக் கேட்டு, அதைச் சரிபார்க்கும் 'வீஸ்' தளத்தில் போடு. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு கிடையாது, மாநிலம் மாநிலமாகத் தேடவேண்டும்.

நம் ஊர் நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி எண் போதும், அது நிறையப் பேசும். 15 இடம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவர்களுடைய பான் எண். அதனால் ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடத்தில் வரும் எழுத்து அவர்கள் யார் என்று சொல்லிவிடும்: 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' (P) என்றால் தனிநபர். 'பிரைவேட் லிமிடெட்' என்று லெட்டர்பேடு அடித்துவிட்டு ஆறாவது எழுத்து 'பி' என்று இருந்தால் ஏன் என்று கேள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவான பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தா என்பதும் வரும். சின்ன நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லாமல் இருக்கலாம். எண் இல்லை என்பது குற்றமில்லை, போலி எண்ணைக் கொடுப்பதுதான் குற்றம்.

இனி பணம். இந்த லண்டன் மாதிரி மெயில்கள் எங்கே போய் முடியும் என்றால், 720 டாலருக்குப் பதில் 2,720 டாலருக்குக் காசோலை வரும். "தவறுதலாக அதிகம் போட்டுவிட்டோம், மீதி 2,000 டாலரை நாங்கள் சொல்லும் வேறொருவருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். வெளிநாட்டுக் காசோலை வசூலாக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அவசரப்படுத்தி உன் சொந்தக் காசை வாங்கிவிடுவார்கள், காசோலை திரும்பி வரும்போது திருப்பல் கட்டணமும் உன் தலையில் விழும்.

உள்ளூரில் இதே வித்தை யுபிஐ உடையில் வரும், இது இன்னும் மோசம். உன் கணக்கில் நிஜமாகவே அதிகப் பணம் விழும். மீதியை வேறொரு கணக்குக்குத் திருப்பச் சொல்வார்கள். வந்தது வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன வழியெல்லாம் தேடி வருவார்கள், முடக்கப்படுவது உன் கணக்கு. அப்படி ஏதும் வந்தால் ஒரு பைசாவையும் நீயாக அனுப்பாதே. வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே திருப்பச் சொல். இன்னொன்று, பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பின் கேட்டால் பணம் உன்னிடமிருந்து போகிறது. ஸ்கிரீன்ஷாட்டையும் "பேமென்ட் நிலுவையில் இருக்கிறது" என்கிற மெயிலையும் ரசீதாக எடுத்துக்கொள்ளாதே. செயலியை நீயே திறந்து இருப்பைப் பார்.

பதிவுக் கட்டணம், பாதுகாப்புத் தொகை, 'பேமென்ட் ரிலீஸ்' கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை இல்லை. ஸ்கேன் செய்த பக்கங்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பிழை அதிகம் என்று சொல்லி வக்கீல் நோட்டீஸ் மிரட்டல் விடுகிற கூட்டமும் உண்டு. வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு ஆகாது. பணம் கொடுக்காதே, வந்த மெசேஜ்களை அழிக்காதே. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழை. தாமதிக்கிற ஒவ்வொரு மணியிலும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

உன் பயோடேட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் பணம் போகாததால் திருட்டு நடந்ததே தெரியாது. "வேலை இருக்கிறது, சிவி அனுப்புங்கள்" என்று வாங்கி, உன் பெயரும் அனுபவமும் அப்படியே இருக்க, மெயில் முகவரியை மட்டும் மாற்றி ஏஜென்சிகளுக்கு அனுப்புவார்கள். வரும் வேலையை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுக் கொடுப்பார்கள், பழி உன் பெயருக்கு வரும். இப்படித் திருடுகிறவர்களைப் பட்டியலிடவே டிரான்ஸ்லேட்டர் ஸ்கேமர்ஸ் டைரக்டரி என்று ஒரு தளம் நடக்கிறது, சந்தேக முகவரியை அங்கேயும் தேடு. வேர்டு கோப்பாக சிவி அனுப்பாதே. பிடிஎஃபில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யாருக்காக எந்தத் தேதியில் தயாரித்தது என்று போடு. எங்காவது கசிந்தால் எங்கிருந்து என்று தெரியும். பிறந்த தேதி, ஆதார், கையெழுத்து எதுவும் அதில் வேண்டாம். பான் எண்ணும் வங்கி விவரமும் வேலை முடிந்து பில் போடும்போது போனால் போதும்.

சாம்பிள் கேட்டால் 250, 300 சொல் வரை நியாயம். அதற்கு மேல் இலவசமாகக் கேட்டால், ஒரு பெரிய ஆவணத்தைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டுச் சும்மா வேலை வாங்குகிறார்களோ என்று யோசி. அனுப்பிய துண்டு நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தால் அநேகமாக அதுதான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது வேலையை எழுத்தில் உறுதி செய்யும் ஆணை, இல்லாமல் தொடங்காதே. அதில் ஆர்டர் எண், மொழிகள், சொல் எண்ணிக்கை, விலை, நாணயம், ஒப்படைக்கும் தேதி, பணம் தரும் நாள் இருக்கவேண்டும். எண்ணிக்கை ஆங்கில மூலத்தின்படி என்று எழுதச் சொல். தமிழில் வேற்றுமையும் ஒட்டுகளும் சொல்லோடு சேர்ந்துவிடுவதால் எண்ணிக்கை குறையும், தமிழ்ச் சொல்லுக்குக் காசு என்றால் உனக்கு நஷ்டம். ஏஜென்சிகள் முன்பணம் தரமாட்டார்கள், பில் போட்டு 30 நாள், 45 நாள் என்பது சகஜம். நேரடி வாடிக்கையாளரிடம் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேள். சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இந்த வாரமே முடித்துவிடு. இந்திய நிறுவனம் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் உன்னைப் போன்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். இழுத்தால் அதற்கான அரசுத் தளத்தில் புகார் செய்யலாம். வேலை முடிந்து பிரச்சினை வந்தபிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் எடுபடும் என்று நம்பாதே.

அந்த மெயிலோடு வந்த ஜிப் கோப்பைத் திறந்துவிடாதே. பாஸ்வேர்டு போட்ட ஜிப் என்றால் வைரஸ் சோதனையிலிருந்து தப்பிக்கத்தான் பெரும்பாலும். வேர்டு கோப்பு மேக்ரோவை, அதாவது உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன நிரலை, இயக்கச் சொன்னால் மூடிவிடு. கோப்பில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் அங்கே ஏற்றுவதை மற்றவர்களும் பார்க்க முடியும். வாடிக்கையாளரின் ரகசிய ஆவணத்தை அங்கே ஒருபோதும் போடாதே.

உன் பதில் இப்படி இருக்கட்டும்: எந்த மொழிக்கு, உங்கள் நிறுவனப் பதிவு எண் என்ன, பர்ச்சேஸ் ஆர்டர் நிறுவன டொமைனிலிருந்து வருமா, வங்கிப் பரிமாற்றம்தானே, காசோலை ஏற்பதில்லை. ஐந்து வரி, அவ்வளவுதான். ரிப்ளை பொத்தானை அழுத்தாதே, ஏஜென்சியின் தளத்தில் நீயே எடுத்த முகவரிக்கு அனுப்பு. பதில் வந்தால் எனக்கும் அனுப்பிவை. அப்பா உன் பழைய அகராதியைப் பார்சல் போட்டிருக்கிறார், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா