நோபல் பரிசு விரதத்துக்குக் கொடுத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு மலரில் விரதம் பற்றி வந்த மருத்துவக் கட்டுரையை வாசித்தேன். சாப்பிடாமல் இருந்தால் கலங்கள் தங்கள் கழிவைத் தாங்களே தின்று உடம்பைப் புதுப்பித்துவிடும், அதற்குத்தான் 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று அதில் இருந்தது. கந்தசஷ்டி நெருங்குகிற நேரம் என்பதால் பலர் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.

பரிசு பெற்ற யொஷினோரி ஓசுமி ஆராய்ந்தது மதுவத்தை. பாண் பொங்கப் போடுகிறோமே, அதே இனம்தான். போசணை கிடைக்காத மதுவக் கலத்தில் தன்விழுங்கல், அதாவது கலம் தன் கழிவைத் தானே தின்பது, எப்படி நடக்கிறது, அதற்கு எந்தெந்தப் பரம்பரையலகுகள் வேண்டும் என்று 1990களில் கண்டறிந்தார். மனிதர் எத்தனை மணிநேரம் பட்டினி கிடக்கவேண்டும் என்று கணக்குச் சொன்னதற்காக அந்தப் பரிசு கொடுக்கப்படவில்லை.

சரி, அது போகட்டும். கழிவை அள்ளுவதோடு கட்டுரை நின்றுவிட்டதுதான் எனக்குக் குறை. அள்ளியது போய்ச் சேருமிடம் இலைசோசோம். அமிலமும் நொதியங்களும் நிறைந்த அந்தச் சிறு பையை உயர்தர உயிரியல் படித்த பிள்ளைகள் அறிவார்கள். அதன் மென்சவ்வில் லாம்ப்-2 என்றொரு புரதம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி பைக்குள்ளே, சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தபடி நிற்கிறது. உள்ளிருக்கும் நொதியங்கள் மென்சவ்வையே அரித்துவிடாமல் காப்பது இந்தப் போர்வை என்று கருதுகிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு சின்ன வால் மட்டுமே.

இந்தப் புரதத்தின் லாம்ப்-2ஏ என்ற வகையில் அந்த வாலுக்குத்தான் வேலை. ஐந்து அமினோ அமிலங்களாலான ஓர் அடையாளம் சில புரதங்களில் உண்டு. துணைப்புரதம் ஒன்று அதை இனங்கண்டு, கழிக்கவேண்டிய புரதத்தைக் கூட்டிவந்து வாலிடம் ஒப்படைக்கிறது. லாம்ப்-2ஏ பல ஒன்றுகூடி வழிவிட, மடிப்பு அவிழ்ந்த புரதம் ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. லாம்ப்-2ஏயின் இந்த வேலையை 1996இல் அனா மரியா குவெர்வோவும் பிரெட் டைஸும் எடுத்துக்காட்டினார்கள். வயது போகப்போக இலைசோசோமில் லாம்ப்-2ஏ குறைந்துவிடுகிறது என்பதும் எலிகளில் தெரியவந்தது. கிழ எலிகளின் ஈரலில் அதைக் குறையாமல் வைத்தபோது ஈரல் நன்றாக வேலை செய்ததாக 2008இல் ஆய்வு வந்தது. இவ்வளவு சுவையான விஷயத்தை விட்டுவிட்டு எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறீர்கள்!

லாம்ப்-2 இல்லாமலே பிறப்பவர்களும் உண்டு. டானன் நோய் என்று பெயர். லாம்ப்-2க்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்பிள்ளைகளையே அது முந்தியும் கடுமையாகவும் தாக்குகிறது. இதயத்தசை தடித்துப்போகும், கைகால் தசைகள் தளரும், சிலருக்குப் படிப்பும் பின்தங்கும். தசையை எடுத்துப் பார்த்தால், கழிவைச் சுற்றி அள்ளிய பைகள் அதைச் செரித்து முடிக்காமல் குவிந்து கிடக்கும். அதாவது தன்விழுங்கல் தொடங்கியிருக்கிறது, முடியவில்லை. எனவே தூண்டிவிட்டால் போதும் என்ற கட்டுரையாளரின் வாதம் இங்கே நிற்காது.

நானும் சஷ்டி பிடிக்கிறவள்தான், விரதத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் சீனி வருத்தமுள்ள அக்கா ஒருவர், "டீச்சர், இது நோபல் பரிசு கிடைச்ச விரதமாமே, ஆறு நாளும் தண்ணியோட இருக்கட்டோ?" என்று கேட்டார். கையில் உங்கள் பத்திரிகைத் துண்டு. இன்சுலினோ கிளிக்ளசைட் குளுசையோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தானாகக் குளுசையை நிறுத்தினாலும் ஆபத்துத்தான். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

விரதகாலத்தில் யார் எந்தக் குளுசையை எப்படி மாற்றவேண்டும், யார் விரதமே பிடிக்கக்கூடாது என்பதை ஒரு பொது வைத்திய நிபுணரிடம் கேட்டு வெளியிடுங்கள். சஷ்டி தொடங்குவதற்கு முந்திய ஞாயிறிலேயே வரட்டும். பாரணைக்குப் பிறகு வந்து பயனில்லை.

ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியை,
கோண்டாவில்.