தாய்ப்பத்திரம் தேடுகிற மாதிரிதான்

பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. சனிக்கிழமையானால் பொது நூலகத்தில் வயசாளிகள் கூட்டம்; கதைப் புத்தகத்துக்கு இல்லை, பாட்டன் பூட்டன் பெயரைத் தேட. "அப்படி என்ன பதிவேடு வைத்திருக்கிறார்கள்?" என்று போனில் கேட்டீர்கள். பேச்சில் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். காலமெல்லாம் பத்திரம் எழுதிய உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கையிலிருக்கும் பத்திரத்தில் தொடங்கி, அதன் தாய்ப்பத்திரம், அதற்கும் தாய்ப்பத்திரம் என்று பின்னால் போவீர்களே, அதே வழிதான். 1850-இல் இந்தப் பெயரில் ஒருவர் இருந்தார் என்று அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள், யாருடைய தாத்தாவுக்கோ திதி கொடுத்துவிட்டு வருவார்கள்.

இந்த ஊர் எஃகு ஆலைக்கு ஸ்லோவாக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தொழிலாளி, பெயர் ஜான் கோவாச் என்று வைத்துக்கொள்வோம். முதல் தாள் இறப்புச் சான்று. பிறப்பு, இறப்புப் பதிவு இங்கே மாநிலத்தின் வேலை. வாஷிங்டனில் கேட்டுப் பயனில்லை. பென்சில்வேனியா 1906-இல்தான் மாநில அளவில் பதிய ஆரம்பித்தது. இறப்புப் பதிவு 50 வருஷத்திலும் பிறப்புப் பதிவு 105 வருஷத்திலும் பொதுமக்களுக்குத் திறக்கிறது. 1893 முதல் 1905 வரைக்கும் கவுண்டி அலுவலக ஏடுதான் கதி. கவுண்டியை நம் மாவட்டம், தாலுகா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றில் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். ஆனால் அதைச் சொன்னது இறந்தவர் இல்லையே! துக்க வீட்டில் மகனோ மருமகனோ சொன்னது. இறந்த தேதியை நம்பலாம். பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும். அவர் அம்மாவின் பெயரை இன்னொரு தாளில் பார்க்கும்வரை பென்சிலால் எழுதிக்கொள்வது நல்லது. 1936 கடைசிக்குப் பிறகு கோவாச் சமூகப் பாதுகாப்பு எண் (ஓய்வூதியக் கணக்குக்காக அரசு கொடுப்பது) வாங்கியிருந்தால், எஸ்எஸ்-5 என்ற அந்த விண்ணப்பத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். பெற்றோர் பெயரை அதில் அவரே சொல்லியிருப்பார். என் கணக்கில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. நம் நாட்டில் 1948-ஆம் வருஷச் சட்டப்படி தனி ஆள் விவரம் யார் கண்ணிலும் படக்கூடாது. இங்கே 72 வருஷம் பூட்டிவைத்துவிட்டு, எழுதிய தாளை அப்படியே திறந்துவிடுகிறார்கள். 1950 கணக்கு 2022 ஏப்ரல் 1-இல் திறந்தது, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். அங்கிருந்து 1940, 1930 என்று பின்னால் போகவேண்டும். 1900 தாள்தான் பொக்கிஷம்: பிறந்த மாதம், வருஷம், கல்யாணமாகி எத்தனை வருஷம், தாய் பெற்ற பிள்ளை எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை, நாட்டுக்குள் வந்த வருஷம் எல்லாம் உண்டு. 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் தலைக்கணக்கு.

1890 தாள் கிட்டத்தட்ட மொத்தமும் போய்விட்டது. 1921 ஜனவரி 10-இல் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீயும் தண்ணீரும் போக மிஞ்சியதை 1930-களில் அரசே அனுமதி கொடுத்து அழித்துவிட்டது. தீயைக் கூட மன்னிக்கலாம். 1880-க்கும் 1900-க்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, வீட்டைவிட்டே போயிருக்கும். அந்த ஓட்டையை ஊர் முகவரிப் புத்தகம், தேவாலயப் பதிவு, வரிப் பட்டியல் கொண்டுதான் அடைக்கவேண்டும்.

தேடினால் பெயர் வரவில்லையா? ஆள் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. அட்டவணை எழுதியவர் தப்பாகப் படித்திருப்பார். 1950-க்குக் காப்பகம் முதலில் போட்ட அட்டவணையை எழுதியதே இயந்திரம். ஒலி ஒத்த பெயர்களை ஒரே இடத்தில் சேர்க்க சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய உபாயம் உண்டு: ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலிக்கு மூன்று இலக்கம். கோவாச், கோவாக்ஸ் இரண்டும் கே 120-இல் சேரும். நடுவில் 'வி'க்குப் பதில் 'டபிள்யூ' விழுந்தால் கே 200 ஆகிவிடும். முதலெழுத்து 'சி' ஆனால் சி 120. ஆகவே மூன்று இடத்திலும் பார்க்கவேண்டும். அதுவும் உதவாவிட்டால் முகவரிப் புத்தகத்தில் தெருவைப் பிடித்து, அது எந்தக் கணக்கெடுப்பு வட்டம் என்று வரைபடத்தில் பார்த்து, அந்த வட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான். பிறந்த நாட்டைப் பார்த்தும் குழம்பக்கூடாது. 1910-இல் ஹங்கேரி என்றவரே 1930-இல் செக்கோஸ்லோவாக்கியா என்பார். அவர் ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. 1910-லிருந்து தாய்மொழி கேட்டிருக்கிறார்கள், அதை வைத்து ஆளை உறுதிசெய்யலாம்.

அதே தாள்களில் குடியுரிமைக் கட்டம் உண்டு. 'ஏஎல்' என்றால் அந்நியர், 'பிஏ' என்றால் முதல் மனு போட்டவர், 'என்ஏ' என்றால் குடியுரிமை பெற்றவர். 1906 செப்டம்பர் 27-க்கு முன்னால் எந்த நீதிமன்றத்திலும் மனு போடலாம், விவரமும் சொற்பம். அதற்குப் பிந்திய மனுவில் பிறந்த ஊர், கப்பல் பெயர், வந்த தேதி எல்லாம் வரும். பெண்களுக்கு 1922 செப்டம்பருக்கு முன்னால் பெரும்பாலும் தனித் தாளே கிடையாது. புருஷனுக்குக் கிடைத்தால் பெண்டாட்டிக்கும் தானாக வந்துவிடும்.

கப்பல் தெரிந்தால் பயணிப் பட்டியல். எல்லிஸ் தீவில் (நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்த இடம், 1892 முதல் 1954 வரை) அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. நம்பவேண்டாம். புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதிய பட்டியலை வைத்துத்தான் இங்கே சரிபார்த்தார்கள். ஜான் என்ற பெயரெல்லாம் இங்கே வந்தபிறகு தாங்களே வைத்துக்கொண்டது. பட்டியலில் யான் என்றோ யானோஷ் என்றோதான் தேடவேண்டும். 1907-க்குப் பிந்திய பட்டியலில், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவின் பெயரும் முகவரியும் இருக்கும். இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமல் அதைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். நிலப் பத்திரம் கவுண்டியில்தான். விற்றவர் பெயருக்கு ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு ஓர் அட்டவணை. பென்சில்வேனியாப் பத்திரங்களில், இந்தச் சொத்து இன்னாரிடமிருந்து இன்ன தேதியில் வந்தது என்று மூலவரலாறும் எழுதுகிறார்கள். நீங்கள் எழுதுவதேதான்.

அதே பத்திர ஏடுகளில், தெற்கு மாநிலங்களில், மனிதர்களைக் கிரயம் செய்த பத்திரங்களும் இருக்கின்றன. கறுப்பினக் குடும்பங்கள் தேடும்போது 1870-இல் முட்டி நிற்பார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலையானவர்களைப் பெயரோடு எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானன் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்; ஆளின் பெயர் அநேகமாக இராது. 1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலையானோர் துறையின் கூலி ஒப்பந்தங்களிலும், விடுதலையானோர் சேமிப்பு வங்கியின் கணக்கேடுகளிலும் பழைய எஜமானன் பெயர் கிடைத்தால், அவன் உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடவேண்டும். மாடு, கலப்பைக்கு நடுவில் "மேரி, வயது 9" என்று விலையோடு வரும். பூட்டியின் பெயரை அங்கே பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் திருப்பாமல் இருப்பவர்களை நூலகத்தில் பார்க்கலாம்.

செலவு அதிகமில்லை. ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம் இலவசம், மார்மன் சபை நடத்துகிறது. பெயர் அட்டவணை போடாத ஏட்டுப் படங்கள் அதில் நிறைய, சிலவற்றை நூலகக் கணினியில்தான் திறக்கமுடியும். ஆன்செஸ்ட்ரி என்ற தளத்துக்குச் சந்தா உண்டு, ஆனால் பல நூலகங்களுக்குள்ளே காசில்லாமல் பார்க்கலாம். அங்கே மற்றவர்கள் போட்டுவைத்த வம்ச மரங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒருவர் தப்பை நூறு பேர் பார்த்தெழுதியிருப்பார்கள்.

சித்தியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். 1940 தாளில், வீட்டில் பதில் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். சித்தி டீச்சராயிருந்து கணக்கெடுக்கப் போனபோது, யார் பதில் சொன்னது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்களா?

அன்புடன்,
உங்கள் மகள்