பங்குச் சுற்றுச்சூழல் குழு: 2025–26 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, குழுவின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரல் 5ஆம் தேதி வந்தது. விழா முடிந்த பிறகு குப்பையைப் பிரிப்பதைவிட, அதற்கு முந்தைய தவக்காலத்தில் பொருள் வாங்கும்போதே யோசிப்பதில்தான் குழு கவனம் வைத்தது. விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை பிரிக்க உட்கார்ந்தால் பாதிப் பொருள் எந்தக் குப்பை வகையிலும் சேராது.

குருத்தோலை: ஒற்றைத் தண்டுப் பனை இனங்களுக்கு வளரும் மொட்டு உச்சியில் ஒன்றே ஒன்றுதான். விரியாத ஓலையை அறுக்கும்போது அந்த மொட்டு வெட்டுப்பட்டால் மரம் மறுபடி துளிர்க்காது. கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப்பனை அருகியதற்கு குருத்தோலை ஞாயிறுக்காக ஓலை வெட்டியதும் ஒரு காரணம். அதன் பட்ட மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்காதுக் கிளியும் சேர்ந்து அருகியது. ஆகவே விரிந்த ஓலையிலிருந்து ஆளுக்கு ஒரு கீற்று போதும். அதில் பிளாஸ்டிக் நாடாவோ ஸ்டேப்ளர் பின்னோ வேண்டாம். மறு ஆண்டு சாம்பலுக்காக எரிக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கும்.

சாம்பல்: தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் இட, பழைய குருத்தோலைகளை நன்கு காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, திறந்த வெளியில் இரும்புச் சட்டியில் எரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் புகைதான் மிஞ்சும். சாம்பல் பழுப்பாகி, பிசினாக ஒட்டும். ஓர் இரவு உலோக மூடி போட்டு ஆறவிட்ட பிறகே சலிக்க வேண்டும், உள்ளே கங்கு இருக்கக்கூடும். இதில் தண்ணீர் மட்டும் சேர்க்கவே கூடாது. சாம்பலில் உள்ள காரம் நீரில் கரைந்தால் நெற்றித் தோலைப் புண்ணாக்கும். சில துளி ஆலிவ் எண்ணெயில் குழைக்கலாம், அல்லது பொடியாகவே இடலாம்.

திருவிழிப்பில் (பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) மூட்டும் புதுத்தீக்குக் காய்ந்த விறகு மட்டுமே. வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பச்சையேறிய பதப்படுத்திய மரம் எதுவும் ஆகாது. பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும்.

மெழுகுவர்த்தி: பாஸ்கா திரி (திருவிழிப்பில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) மெழுகாலானதாக, ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும், போலியாக இருக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு வத்திக்கான் சுற்றுமடல் சொல்கிறது. எண்ணெய் ஊற்றி எரிக்கும் பிளாஸ்டிக் குழலைச் சிக்கனம் என்று யாரும் முன்மொழிய வேண்டாம். மிச்சம் பிடிக்க இடமிருப்பது மக்கள் கையில் ஏந்தும் சிறு திரிகளில். பிளாஸ்டிக் குவளைக்குப் பதிலாக, பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டி அட்டை வட்டத்தின் நடுவில் சிலுவைபோலக் கீறித் திரியைச் செருகினால் போதும். கீறல் திரியின் பருமனைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அட்டை கைக்கு இறங்கிவிடும். எரியும் திரியை நேராகப் பிடித்து, எரியாத திரியைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்வதால்தான் தரையெல்லாம் மெழுகு.

மீந்த துண்டுகளைத் தேன்மெழுகு, பாரஃபின் என்று பிரித்து வைக்கவும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, துணியில் வடிகட்டி வார்க்கலாம். நேரடித் தணல் கூடாது. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் அணைக்க வேண்டும்.

பீட அலங்காரம்: பூச்செருகும் பச்சை நுரைக்கட்டி ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். உதிர்ந்தால் நுண்பிளாஸ்டிக்காகி வடிகாலில் சேரும். கோழிவலைக் கம்பியைச் சுருட்டிச் சாடிக்குள் திணித்தால் அதே வேலையைச் செய்யும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

முட்டை: உயிர்ப்பு விழா முட்டைக்கு இயற்கையாக நிறம் ஏற்றுவது எப்படி? அதிகம் கேட்கப்பட்டது இதுதான். வெள்ளை முட்டையைப் பத்து நிமிடம் வேகவைத்து ஆறவிடவும். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து வெங்காயத்தின் காய்ந்த தோலை அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் காவி முதல் செங்கல் நிறம் வரை கிடைக்கும். மூன்று மேசைக்கரண்டி மஞ்சள்தூள் மஞ்சள் தரும். ஊதா முட்டைக்கோஸில் பாதி, பார்த்தால் ஊதாச் சாறாக இருந்தாலும், ஓட்டில் நீலமாகப் படியும். ஓட்டின் கால்சியம் கார்பனேட் காரத்தன்மை கொண்டது என்பதால் இப்படி. பீட்ரூட் ஏமாற்றும். அதன் நிறமி சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காமல் பழுப்பாகிவிடும்.

சாற்றை வடிகட்டி ஆறவைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, முட்டைகளை மூழ்கவிட்டு ஓர் இரவு குளிர்பெட்டியில் வைக்கவும். வினிகர் கூடினால் ஓடு கரைந்து குமிழ்கள் ஒட்டும்; குமிழ் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்திலும் நிறம் பிடிக்காது. எனவே முதலில் சோப்பு நீரில் கழுவிவிடுங்கள். எடுத்ததும் துடைக்காமல் தானாகக் காயவிட்டால்தான் நிறம் நிற்கும். கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளபளக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த முட்டையை உண்ணக் கூடாது. ஒளித்துத் தேடும் விளையாட்டுக்குத் தனி முட்டைகளை ஒதுக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் முட்டைகளைத் தூக்கி எறிவதிலும் பொருளில்லை. உடையும்வரை பயன்படுத்தி, புதிதாக வாங்காமல் விட்டால் போதும்.

முட்டைக் கூடைக்குள் பிளாஸ்டிக் புல்லுக்குப் பதில் கோதுமைப்புல். ஓர் இரவு ஊறவைத்த கோதுமையைத் தட்டில் மெல்லிய மண்மீது நெருக்கமாகத் தூவினால் பத்து நாளில் வளர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை வரும், தெளித்தாலே போதும். சாக்லேட் தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் அலுமினியம், மறுசுழற்சிக்குச் சேர்த்து வைக்கலாம், விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக்.

அடுத்த ஆண்டு பெருவிழா மார்ச் 28ஆம் தேதியே வருகிறது, சாம்பல் புதன் பிப்ரவரி 10. எனவே உறுப்பினர்கள் வீட்டிலுள்ள பழைய ஓலைகளை ஜனவரி இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். வெங்காயத் தோலை இப்போதிருந்தே துணிப்பையில் சேர்க்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். கோதுமை விதைக்க வேண்டிய நாள் மார்ச் 18.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்