ஒரு வருஷம் கழித்தும் எங்களிடம் கேளுங்கள்

குமரி மாவட்டத்தில் உடம்பு குறைக்க சிகிச்சை தரும் டாக்டர்களுக்கும், டயட் எழுதிக் கொடுப்பவர்களுக்கும், ஜிம் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை உங்கள் போர்டுகளில் இருப்பதெல்லாம் மூன்றே மாதத்தில் இளைத்தவர்களின் படம்தான். அதே ஆட்கள் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள், செலவழித்த காசுக்கும் பட்ட பாட்டுக்கும் அவர்களுக்குத் திருப்தியா என்று யாராவது கூப்பிட்டுக் கேட்டதுண்டா?

அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம், எவ்வளவு குறைந்தால் சந்தோஷம், எவ்வளவு என்றால் ஏமாற்றம் என்று முதலிலேயே கேட்டு வைத்தார்கள். சராசரியாக 17 கிலோ குறைந்தால் அது ஏமாற்றம்தான் என்றார்கள். 48 வாரம் கழித்துப் பார்த்தால் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது, கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்த 'ஏமாற்ற' அளவைக்கூடத் தொடவில்லை. 16 கிலோ என்பது முட்டுவலிக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனாலும் மனசு வேறு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, அந்தக் கணக்கை ஏற்றிவிட்டதில் உங்கள் போர்டுக்கும் பங்கு உண்டு.

அதனால் முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பசியை அடக்கி எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, சரி. நிறுத்தி ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டாமா, மாதாமாதம் இவ்வளவு ரூபாய் கொடுத்து எத்தனை காலம் ஓட்ட முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது நாங்கள்தானே. எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் என்றால் ஆயுசு முழுக்க வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கூடவே வரும்.

டயட் விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் 609 பேரை வைத்து, கொழுப்பைக் குறைப்பதா மாவுச்சத்தைக் குறைப்பதா என்று ஒரு வருஷம் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை, சராசரியாக ஐந்தாறு கிலோதான் இரண்டிலும். அப்படியென்றால் கடைப்பிடிக்க முடிகிற டயட்தானே நல்ல டயட்? எங்கள் அம்மாவுக்கு ஓரிடத்தில் கொடுத்த சீட்டில் காலையில் ஓட்ஸ், ராத்திரி கினோவா சாலட். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரச்சீனி எத்தன துண்டு திங்கலாம், மீன்கறிக்குத் தேங்கா எவ்வளவு அரைக்கலாம்ணு சொன்னா போதாதா?" என்றார். சீட்டு இப்போது ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

ஒரு வருஷம் கழித்து ஒரு போன் போடுங்கள். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காமல், மாடிப்படி ஏற முடிகிறதா, சர்க்கரை மாத்திரை குறைந்ததா, கல்யாண வீட்டில் பாயாசத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா, மறுபடி இதே வழியில் போவீர்களா என்றும் கேளுங்கள். "திருப்தி இல்லை" என்பவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்து அந்த போர்டிலேயே போடுங்கள்.