அம்மாவின் முழங்காலுக்கு எந்த ஊசி?

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

கொழும்பில் பிஆர்பி ஊசி போட்டால் அம்மாவின் முழங்கால் சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் காசை இப்போதைக்குக் கட்டிவிடாதே. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட ஊசி இன்னும் இல்லை. இருப்பவை வலியைக் கொஞ்ச காலம் அடக்கப் பார்ப்பவை.

பிஆர்பி என்றால் அம்மாவின் இரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் நிறைந்த பகுதியை மூட்டுக்குள் ஏற்றுவது. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் வேறு. 2021இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில் 288 பேர். ஒரு சாராருக்கு பிஆர்பி, மறு சாராருக்கு வெறும் உப்புநீர், கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வலியிலும் குருத்தெலும்பிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மூட்டு வழுக்கலாக அசையட்டும் என்று போடும் ஹையலூரோனிக் அமில ஊசியும் விலைக்கேற்ற பலன் தராது. பிரித்தானியாவில் எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2022இல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

மிஞ்சுவது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்ட் ஊசி. மூட்டு வீங்கி, வலியால் நடக்கவே முடியாதபோது அதற்கு இடமுண்டு. வழக்கமாக ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்ட் 40 மில்லிகிராம், மரக்கச்செய்யும் லிக்னோகெய்னோடு கலந்து போடுவார்கள். நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பார்கள். அது கலங்கலாக இருந்தால் ஊசியை நிறுத்தி, கிருமி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். அன்றிரவு வலி கூடினால் அம்மா பயந்துவிடக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்தால் போதும். உண்மையான ஆறுதல் சில நாளில் வரும், சில கிழமை நிற்கும். ஆனால் காய்ச்சலோடு முழங்கால் சிவந்து, சூடேறி, வலி நாளுக்கு நாள் ஏறினால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதுதான் என் பெரிய கவலை. இந்த ஊசி சில நாட்களுக்குச் சீனியை ஏற்றிவிடும், சிலருக்கு ஒரு கிழமை வரைக்கும். ஆகவே போடுமுன் டொக்டரிடம் கிளினிக் கொப்பியைக் காட்டி, சீனி ஏறினால் மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி போடுவதும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்தது, வலியோ குறையவில்லை. மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை செய்வதென்றால், அதற்கு முந்திய மூன்று மாதத்தில் ஊசியே வேண்டாம்.

வலி அடங்கும் அந்தக் கிழமைகளில் தொடைத் தசையைப் பலப்படுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்ட ஊசி வீண். 2020இல் 156 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வில் ஸ்டீராய்டைவிட பிசியோதெரபிதான் முந்தியது. கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குவது, பத்துத் தடவை, காலையும் மாலையும். பிறகு கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி உட்காருவது. லயத்து வீட்டுப் படிகளில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் கூடும், அதனால் இறங்கும்போது கைத்தடி கட்டாயம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல். குந்தி எழும்புவதுதான் அவளுக்குக் கடும் பாடு.

நீ சேர்த்து வைத்த காசில் கைப்பிடி உள்ள கொமட் கதிரை ஒன்றும் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் இரண்டு பெட்டியும் வாங்கி அனுப்பு. ஊசிக்கு முன்பே கையில் கிடைத்தால் நல்லது.

அன்புடன்
அப்பா